குப்பை கேட்டு வந்த பெண்

"அந்தப் பொண்ணுதான்டி. காலேஜ் முடிச்சிட்டு வீடு வீடா குப்பை கேட்டு வருது."

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் காலைப் பேருந்தில், எனக்குப் பின் இருக்கையில் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னது இது. மெதுவாகத்தான் சொல்கிறோம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, கடலைக்காட்டைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டேன். மறுத்துச் சொல்ல என்ன இருக்கிறது? அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பொருள் விற்க வருகிறவரைக் கண்டால் மக்கள் கதவைப் பாதி திறப்பார்கள். நன்கொடை கேட்டு வருகிறவரைக் கண்டால் சாத்திக்கொள்வார்கள். குப்பையைப் பிரித்துத் தாருங்கள் என்று வருகிறவளுக்கு மட்டும் கதவை முழுசாகத் திறந்து, உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்து அனுப்புவார்கள். குப்பையை மட்டும் தர மாட்டார்கள். காப்பீட்டு முகவர்களே, கணக்கெடுப்புக்குப் போகும் ஆசிரியைகளே, வாசல் மணியை அழுத்திவிட்டு உள்ளே யாரும் இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்ட அனைவருமே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும். நான் பேசக் கூச்சப்படுகிறவள். பேசுவதுதான் என் வேலையாக இருந்தது.

புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். ஒரு தொண்டு நிறுவனம், கோயிலுக்குப் பின்புறம் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, குப்பையைக் குறைக்கவும் வீட்டிலேயே பிரிக்கவும் பழக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. வேதியியல் படித்திருந்த எனக்கு அதில் களப்பணியாளர் வேலை. தெருவில் நடந்தவற்றில் சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நல்ல வாளி

வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்தோம். பச்சை வாளி மக்குகிற குப்பைக்கு: காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, வாழையிலை. சிவப்பு வாளி மக்காததற்கு: பால் கவர், ஷாம்பு பாக்கெட், பல் உடைந்த சீப்பு. தெருவே வரிசையில் நின்று வாங்கிக்கொண்டது. என் முதல் நாளிலேயே இவ்வளவு ஒத்துழைப்பா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். பச்சை வாளியில் அரிசி இருந்தது. சிவப்பு வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்து மூடி வைத்திருந்தார்கள். தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் வாளி என்பது அந்தத் தெருவில் சொத்து. ஒரு வீட்டில் இரண்டையும் மகள் கல்யாணச் சீருக்கென்று பரண்மேல் ஏற்றியிருந்தார்கள். மூன்றாவது வீட்டுப் பத்மாவதியம்மா என்னைப் பார்த்து நிஜமான வருத்தத்தோடு கேட்டார்: "இவ்ளோ நல்ல வாளியில குப்பையைக் கொட்ட எப்படிம்மா மனசு வரும்?"

எங்கள் திட்ட அதிகாரி சென்னையிலிருந்து வந்தவர். எல்லோரும் சார் என்று கூப்பிடுவோம். அவர் யோசித்து, வாளிகளின் அடியில் ஓட்டை போடச் சொன்னார். ஓட்டை வாளியில் தண்ணீரும் நிற்காது, அரிசியும் நிற்காது, குப்பை மட்டும்தான் நிற்கும் என்பது கணக்கு. பாதித் தெருவுக்கு ஓட்டை போட்டு முடித்தோம். பிறகு பத்மாவதியம்மா வீட்டுக்குப் போனால், வாசலில் இரண்டு வாளியிலும் மண் நிரப்பித் துளசி ஒன்று, தக்காளி ஒன்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஓட்டை போட்டுக் குடுத்தது ரொம்ப நல்லதாப் போச்சும்மா. தண்ணி தேங்கல, செடி ஜம்முனு வருது."

கடிக்கிற கணக்கு

தெருவில் குப்பை வண்டி தள்ளியவர்கள் சில பெண்கள். அவர்களுக்குத் தலைவி மல்லிகா அக்கா. நாற்பது வயதிருக்கும். அதுவரை ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் புகைக்கு நடுவே பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கிக்கொண்டிருந்தவர். இப்போது பச்சைக் கோட்டு, கையில் மணி, மாதம் பிறந்தால் சம்பளம். தெருக்கோடியில் நகராட்சி கொடுத்த சின்ன இடத்தில் தகரக் கொட்டகை போட்டு, மக்குகிற குப்பையை அங்கேயே உரமாக்கினோம்.

கொட்டகைக்கு அடுத்த கட்டடம் கஸ்தூரியம்மாவின் லாட்ஜ். கணவர் போன பிறகு அவரே தனியாக நடத்திவந்தார். மலை சுற்ற வருகிறவர்கள் தங்கும் சிறிய லாட்ஜ். ஒரு பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் எங்கள் கொட்டகையைப் பார்த்துத்தான் திறக்கும். நாற்றம் அடித்தால் அறைக்கு ஆள் வராது. அவர் பேரில் தப்புச் சொல்ல முடியாது. ஒரு திங்கட்கிழமை வேங்கிக்கால் போய், கலெக்டர் ஆபீசில் கொட்டகையை எடுக்கச் சொல்லி மனு கொடுத்துவிட்டார். சுகாதார ஆய்வாளர் வந்து மூக்கைச் சுளித்துப் பார்த்தார். தீபத் திருவிழா முடிந்த மறுநாள் வருவேன், அப்போதும் நாற்றம் இருந்தால் கொட்டகை காலி என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொட்டகை போனால் திட்டம் போகும். திட்டம் போனால் நான் வேறு வேலை தேடலாம். மல்லிகா அக்கா குப்பைமேட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். குப்பை பிரிந்து வந்தால் நாறாது, கலந்து வந்தால் நாறும். விஷயம் அவ்வளவுதான். அந்த மேடு அப்படியா மோசம் என்று ஒருநாள் அவரைக் கேட்டேன். வண்டிச் சக்கரத்தில் சிக்கியிருந்த துணியை உருவிக்கொண்டே சொன்னார்: "அங்க நாயி, பன்னி, நெருப்பு. இங்க மனுசங்க. மனுசங்க தேவல பாப்பா, கொஞ்சம் கம்மியாத்தான் கடிக்கிறாங்க."

குக்கர்

வாளி தோற்ற பிறகு சார் பரிசு அறிவித்தார். மாதக் கடைசியில் எந்த வீடு அதிக எடைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் தருகிறதோ, அந்த வீட்டுக்குப் பிரஷர் குக்கர். குக்கரைக் கொட்டகை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம். பெண்கள் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் வாழ்நாளில் நான் கண்ட மாபெரும் மக்கள் எழுச்சி அதுதான் என்று சொல்வேன்.

பழைய நாற்காலி வந்தது. உடைந்த தண்ணீர் டிரம் வந்தது. போளூரில் கடை வைத்திருக்கும் மச்சான் வீட்டிலிருந்து ஆட்டோவில் மூட்டைகள் வந்தன. ஒரு வீட்டார் பால் கவர்களைக் கழுவி, காயவைத்து, அடுக்கி, நடுவில் ஈர மண்ணை வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்த மடிப்பின் நேர்த்தியை நான் அப்புறம் எந்த ஜவுளிக்கடையிலும் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் உருவாகும் குப்பையைக் குறைக்கத்தான் நாங்கள் வந்தோம். அந்த மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தின் குப்பையில் கணிசமான பங்கு எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

தெருமுனையில் பிளேட், கப், கவர் மொத்த வியாபாரம் செய்த இப்ராகிம் பாய் இதையெல்லாம் கடையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறையாக அதே இடத்தில் கடை. தாத்தா காலத்தில் மந்தாரை இலைத் தட்டு விற்றார்களாம், இப்போது பிளாஸ்டிக். எங்கள் திட்டம் அவர் வியாபாரத்துக்கு எதிரானது என்று தெரிந்தும் எனக்கு எப்போதும் டீ வாங்கித் தருவார். மூட்டை மூட்டையாக எடைபோட்டு முடித்து நான் திணறிக்கொண்டு நின்றபோது, டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்: "குப்பை ஜாஸ்தி பண்றவங்களுக்கா பரிசு, கம்மி பண்றவங்களுக்கா? அதை மொதல்ல முடிவு பண்ணிக்கிட்டு வாம்மா."

வெள்ளிக்கிழமை வண்டி

மேலிடத்து ஆட்கள் வந்து பார்க்கும் நாள் வெள்ளி. அதனால் சார் வெள்ளிக்கிழமையைத்தான் அவர்கள் முன்னால் எடைபோட்டுக் காட்டும் நாளாக வைத்திருந்தார். சுவரில் அன்றாட எடைக்கு வண்ணவண்ணமாய் வரைபடம் ஒட்டியிருந்தது. மற்ற நாட்களில் மலைபோல் ஏறும் கோடு வெள்ளியன்று தரையைத் தொட்டுவிடும். மணி அடித்துக்கொண்டு போன வண்டி, போன மாதிரியே திரும்பி வரும். வெள்ளிக் குப்பையும் சேர்ந்து சனியன்று அழுகிப்போய் வரும். அன்றுதான் கஸ்தூரியம்மாவின் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும்.

காரணம் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், கீழ்பென்னாத்தூரில் எங்கள் அம்மாவும் வெள்ளிக்கிழமை உப்போ தயிரோ யாருக்கும் தர மாட்டார். வீட்டைப் பெருக்கிய குப்பையைக்கூட மூலையில் ஒதுக்கி வைப்பார். லட்சுமி கூடவே போய்விடுவாள். வெள்ளியன்று வீட்டிலிருந்து குப்பை வாங்குவது என்பது சென்னையில் உட்கார்ந்து போட்டால்தான் வரும் திட்டம். ஆனால் வரைபடத்துக்கு முன்னால் நின்று சாரிடம் லட்சுமியைப் பற்றிப் பேச எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.

பத்மாவதியம்மாதான் வழி சொன்னார். மல்லிகா அக்கா காய்கறித் தோலில் நல்லதாகப் பொறுக்கிப் பால்காரர் வீட்டு மாடுகளுக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தை உரத்துக்குக் கொண்டுபோவதை அவர் கவனித்திருக்கிறார். "மாட்டுக்குப் போவுதுன்னா அது குப்பை இல்லியே. வெள்ளிக்கிழமை மாட்டுக்குக் குடுத்தா விசேஷம்" என்றார். அவரே அதைத் தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தார். அடுத்த வெள்ளி, வண்டியில் பச்சை வாளிச் சரக்கு மட்டும் வாங்கினோம். பூசணித்தோல், வாழைத்தோல், அகத்திக்கீரைத் தண்டு, சாமிக்குப் படைத்து எடுத்த வெற்றிலை. ஒரு பால் கவர் இல்லை, ஒரு குண்டூசி இல்லை. பசு தின்னப்போவதில் பிளாஸ்டிக்கைப் போட அந்தத் தெருவில் யாருக்கும் கை வரவில்லை. சிலர் வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். குக்கராலும் ஓட்டை வாளியாலும் நடக்காதது என் கண்முன்னால் நடந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை. சார் வண்டிக்குள் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னிடம் கேட்டார்: "மத்த ஆறு நாளையும் வெள்ளிக்கிழமை ஆக்க முடியாதாம்மா?"

புகை

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு விடியற்காலை. நான் முதல் பேருந்திலேயே வந்திருந்தேன். "நெருப்பு, நெருப்பு" என்று கஸ்தூரியம்மா மாடியிலிருந்து கத்தினார். கொட்டகைக்குள்ளிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. தெருவே வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. அத்தனை பச்சை வாளிகளையும் சிவப்பு வாளிகளையும் ஒரே இடத்தில் நான் பார்த்தது அன்றுதான். செடிக்குப் போகாமல் தப்பியிருந்த ஓட்டை வாளிகள் தெரு நெடுகத் தண்ணீர்க் கோடு போட்டுக்கொண்டே வந்தன.

மல்லிகா அக்கா குறுக்கே நின்று இரண்டு கைகளையும் விரித்தார். அது புகை இல்லை, ஆவி. உரக்குவியலைப் புரட்டிப்போட்டால் உள்ளிருக்கும் சூடு குளிர்க் காற்றில் பட்டு ஆவியாக எழும். படித்த பாடம்தான். ஆனால் அன்றுதான் முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். சுட்டது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை; தெருவில் தின்று மிஞ்சியது தானாகவே வெந்துகொண்டிருந்தது. கையை வெளியே எடுத்து முகர்ந்தேன். மழை பெய்து முடிந்த காட்டு வாசனை. ஒவ்வொருவராக வந்து கையை விட்டு, எடுத்து, முகர்ந்து நகர்ந்தார்கள். கோயிலில் தீபாராதனைத் தட்டுக்கு நகர்வதுபோல் இருந்தது அந்த வரிசை. கஸ்தூரியம்மா மட்டும் மாடியைவிட்டு இறங்கவில்லை.

கூட்டம் கலையும்போது இப்ராகிம் பாய், சொட்டிக்கொண்டிருந்த ஒரு வாளியைப் பார்த்துச் சொன்னார்: "பரவால்ல. குடுத்த வாளி கடைசில குப்பைக்கு உதவ வந்துச்சு."

பௌர்ணமி

பௌர்ணமிக்கு எங்கள் வண்டிப் பெண்களைக் குப்பை கூட்ட மலை சுற்றும் பாதைக்கும் அனுப்புவார்கள். ஒருமுறை நானும் போனேன். அந்தக் கூட்டத்தைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. சாலையில் வண்டி கிடையாது. சாலை முழுக்க வெறுங்கால்கள். குழந்தையைத் தோளில் வைத்தவர்கள், கைத்தடி ஊன்றியவர்கள், கையில் கணினி நிறுவனத்து அடையாள அட்டையோடு வந்தவர்கள், எல்லோரும் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். வழியெங்கும் அன்னதானம். சாம்பார் சாதம், தயிர் சாதம், சுண்டல், தண்ணீர் பாக்கெட். கொடுப்பவர் முகத்திலும் சிரிப்பு, வாங்குபவர் முகத்திலும் சிரிப்பு. தட்டும் பாக்கெட்டும் மட்டும் அந்த இடத்திலேயே கீழே விழும். ஓரத்தில் தட்டுகள் கணுக்கால் அளவு சேர்ந்திருந்தன. எங்கள் பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் கூட்டினார்கள்.

போடாதீர்கள் என்று ஜனங்களிடம் சொல்லச் சொல்லி, மல்லிகா அக்கா என் கையில் ஒரு கோணிப்பையைக் கொடுத்து நிறுத்தினார். அவ்வளவு பேரிடம் எப்படிச் சொல்வது? பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றேன். சற்று நேரத்தில் ஒருவர் வந்து பைக்குள் ஒரு நாணயத்தைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். பின்னால் வந்தவர் அதைப் பார்த்து அவரும் போட்டார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. கீழே கிடந்த பாக்கெட்டை நானே எடுத்துப் பைக்குள் போட்டேன், விஷயம் என்னவென்று அவர்களுக்குப் புரியட்டும் என்று. அதைப் பார்த்த ஒரு சிறு பெண் தன் பாக்கெட்டைப் போட்டாள். அவள் அப்பா தட்டைப் போட்டார். பின்னால் வந்த குடும்பம் வரிசையில் நின்று போட ஆரம்பித்தது. சிலர் கீழே கிடந்ததைக் குனிந்து எடுத்தும் போட்டார்கள். பை நிறைந்தது, இன்னொன்று கொண்டுவந்தார்கள், அதுவும் நிறைந்தது. கைவலிகூடத் தெரியாமல் நின்றிருந்தேன்.

மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மாள், கை நிறைய பாக்கெட்டுகளோடு வந்து, போடுவதற்கு முன் என்னிடம் பக்தியோடு கேட்டார்: "இதுல போட்டா என்னா பலன்மா?"

முடிச்சு

கார்த்திகை பிறந்தது. தெரு பிரித்துக் கொடுக்கப் பழகியிருந்தது. ஓட்டை வாளியிலோ கிழிந்த அரிசிப் பையிலோ, எதிலோ ஒன்றில் தனித்தனியாக வந்துவிடும். மாட்டைச் சொன்னபின் பச்சைச் சரக்கு எல்லா நாளும் சுத்தமாக வந்தது. ஆனாலும் கொட்டகை நாறியது. ஒருநாள் காலை மல்லிகா அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு கூடையைக் காட்டினார். கஸ்தூரியம்மாவின் லாட்ஜிலிருந்து வந்த கூடை.

ஹோட்டலில் பார்சல் வாங்கினால் சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி நூலால் சுற்றி இறுக்குவார்களே, அந்தப் பொட்டலங்கள். அறைகளில் தங்கியவர்கள் இட்லியைத் தின்றுவிட்டு, பிரிக்காத சாம்பாரையும் சட்னியையும் அப்படியே கூடையில் போட்டிருந்தார்கள். உள்ளே புளித்து, பொட்டலங்கள் பலூன் மாதிரி உப்பியிருந்தன. ஒன்றை நான் பிரிக்கப் பார்த்தேன். விரலுக்கு முடிச்சு அகப்படவில்லை. பல்லால் கடிக்கவும் முடியாது. பட்டென்று வெடித்து என் துப்பட்டா எல்லாம் தெறித்தது. அந்த நாற்றத்தை எழுத வேண்டாம் என்று விடுகிறேன். கத்தியால் கீறினாலும் இப்படித்தான் வெடிக்கும். மல்லிகா அக்கா ஒரு கூடைக்கே காலை முழுவதும் முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழாதவை குவியலுக்குள் போய் அங்கே வெடித்தன.

இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, கஸ்தூரியம்மாவிடம் நானே போனேன். நாற்றம் உங்கள் கூடையிலிருந்துதான் வருகிறது, அறையிலேயே பிரிக்கச் சொல்ல வேண்டும் என்பதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை. கணக்கு மேசைமேல் இருந்த பேரேட்டை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "வர்றவங்க சாமி கும்புட வர்றாங்க. கதவைத் தட்டி, சாம்பாரைப் பிரிச்சிக் குடுன்னு கேட்டா அடுத்த தடவை எதுத்த லாட்ஜுக்குப் போயிடுவாங்க. கதவைத் தட்டறது உன் பொழப்பு கண்ணு. எனக்கு ஆவாது."

தீபம்

தீபத்துக்கு முன்பிருந்தே வண்டிகளை உள்ளே விடவில்லை. எங்கள் தள்ளுவண்டியும் உள்ளே போக முடியாது. லாட்ஜுகள் நிரம்பி, மாடிப்படியிலும் ஆள் படுத்திருந்தார்கள். தெருவில் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துத்தான் குப்பை எடுத்தார்கள். சாயங்காலம் நானும் மல்லிகா அக்காவும் கஸ்தூரியம்மாவின் லாட்ஜுக்குப் பின்கதவு வழியாகப் போனோம். பின்கட்டில் கூடைகள் குவிந்து கிடந்தன. கஸ்தூரியம்மா அதற்கு நடுவில், என்ன செய்வதென்று தெரியாமல், மூக்கைப் பொத்தியபடி நின்றிருந்தார்.

மல்லிகா அக்கா ஒரு கூடையைத் தூக்கித் தலையில் ஏற்றினார். அப்போது ஊர் மொத்தமும் "அரோகரா" என்று கத்தியது. வெடிச்சத்தம் கேட்டது. மூவரும் நிமிர்ந்தோம். மலையுச்சியில் சுடர் நின்றிருந்தது. எத்தனையோ வருடம் கீழ்பென்னாத்தூர் வயல்வரப்பிலிருந்து அதைச் சின்னப் பொட்டாகப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு அருகில் பார்த்ததில்லை. அது அசையும்போது மலையே அசைவதுபோல் இருந்தது. கஸ்தூரியம்மா கைகளைத் தலைக்குமேல் குவித்திருந்தார். மல்லிகா அக்காவின் இரண்டு கைகளும் கூடையைப் பிடித்திருந்தன. கூடையிலிருந்து ஏதோ அவர் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமல், முகத்தை மட்டும் மலையை நோக்கித் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டார்.

கஸ்தூரியம்மா கையை இறக்கிவிட்டு அவரையே பார்த்தார். "உன் கொட்டாயை எடுக்கச் சொல்லி மனு குடுத்தவ நான். என் வீட்டுக் கூடையை ஏன் தூக்கற?" என்று கேட்டார். மல்லிகா அக்கா படியில் காலை வைத்தபடி சொன்னார்: "கொட்டாய் மேலதானேம்மா மனு குடுத்தீங்க. என் மேலயா குடுத்தீங்க?"

மறுநாள்

சொன்னபடியே சுகாதார ஆய்வாளர் காலையில் வந்துவிட்டார். கையில் மனு இருந்த கோப்பு. விடிவதற்கு முன்பே மல்லிகா அக்காவும் மற்ற பெண்களும் வந்து குவியலைப் புரட்டி, இலைதழை போட்டு மூடி, முடிந்த மட்டும் முடிச்சு அவிழ்த்திருந்தார்கள். ஆனாலும் திருவிழாக் கூடைகள் பாதி அப்படியேதான் இருந்தன. நாற்றம் இருந்தது, இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மல்லிகா அக்கா கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். கேட்டால் உடனே திருப்பிக் கொடுப்பதற்காக என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆய்வாளர் லாட்ஜ் வாசலில் நின்ற கஸ்தூரியம்மாவைக் கூப்பிட்டு, "மனு உங்களுதுதானேம்மா? இப்ப என்னா சொல்றீங்க?" என்றார்.

"என்னுதுதான்."

"வாபஸ் வாங்கறீங்களா?"

"வாங்கல. உங்ககிட்டயே இருக்கட்டும். அடுத்த மாசம் இதே மாதிரி நாறுச்சுன்னா அப்ப எடுங்க."

"அடுத்த மாசம் மட்டும் எப்படிம்மா நாறாம இருக்கும்?"

கஸ்தூரியம்மா லாட்ஜுக்குள் போனார். மாடிப்படிக்குக் கீழே ஒட்டிய தாள்கூடப் பிரிக்காமல் கிடந்த பச்சை வாளியையும் சிவப்பு வாளியையும் எடுத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். மலை சுற்றிவிட்டு வந்தவர்கள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்த முதல் அறைக்கு முன்னால் வாளிகளை வைத்துவிட்டு, கதவைத் தட்டினார்.